சின்னப் பொய்களையும் குருவிடம் சொல்ல வேண்டுமா?

வீட்டில் இருந்துகொண்டே “சில்க் போர்டு சிக்னல்ல நிக்கிறேன்” என்று பெங்களூரு நெரிசலைச் சாக்காக போனில் சொல்கிறோமே, இதற்கெல்லாம் பாவசங்கீர்த்தனம் (குருவிடம், அதாவது பாதிரியாரிடம், பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கத்தோலிக்கர்களுக்குக் கட்டாயம் இல்லை. சாவான பாவங்களை, அதாவது கனமான பாவங்களை, ஆண்டுக்கு ஒரு முறையாவது சொல்லியாக வேண்டும். இது போன்ற அற்பப் பாவங்களைச் சொல்வது நல்லது என்கிறது திருச்சபைச் சட்டம் (988, 989). மனம் வருந்தி திருப்பலியில் நற்கருணை (திருவிருந்து அப்பம்) வாங்கினாலும் அவை மன்னிக்கப்படும். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), பெந்தெகொஸ்தே சபையினர் பொதுவாக நேராகக் கடவுளிடமே அறிக்கையிடுகிறார்கள் (1 யோவான் 1:9).

ஆனாலும் குருவிடம் போங்கள் என்றுதான் சொல்வேன். “பொய் சொன்னேன்” என்று மொத்தமாக அல்ல. “வெயிலில் காத்திருந்த தம்பியிடம் பொய் சொன்னேன்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்போதுதான் உறைக்கும். அப்புறம், வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் எரிந்து விழுந்திருந்தால் முதலில் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். மத்தேயு 5:24 சொல்லும் வரிசை அதுதான்.