ஆரணி ரோட்டு வீடு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வேலூர் கொசப்பேட்டையில் பன்னிரண்டு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். நான் டவுனில் ஒரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். மாதத்தில் ஒரு வாரம் நைட் டியூட்டி. மதிய டியூட்டி வாரத்தில் வேலை முடிய இரவு ஒன்பதாகும். கணவருக்குச் சென்னையில் வேலை. திங்கள் விடியற்காலை காட்பாடியில் ரயில் ஏறினால் வெள்ளி இரவுதான் வருவார். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். மாமியாருக்கு 72 வயது, சர்க்கரையும் மூட்டுவலியும் உண்டு. வீட்டுக்கு எதிரே கல்யாண மண்டபம், முகூர்த்த நாளில் தூக்கமே கிடையாது. மாமியாருக்கு அமைதி வேண்டும்.

அடுக்கம்பாறைக்கு முன்னால், ஆரணி ரோட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே, 1,200 சதுர அடி மனையில் கட்டி நாலு வருடமான வீடு விலைக்கு வருகிறது. இங்கிருந்து 11 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். குருவிச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. கணவருக்கு ரயில் கிட்டே என்று காட்பாடி தாண்டி சேவூரிலும் ஒரு வீடு பார்த்தோம். புரோக்கர் இந்த மாதமே டோக்கன் கொடுக்கச் சொல்கிறார். போகலாமா? போவதென்றால் எந்தப் பக்கம்?

ம., வேலூர்

அன்புள்ள ம.,

இப்போது வாங்காதீர்கள். மகள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதி முடிக்கும் வரை கொசப்பேட்டையிலேயே இருங்கள். அதன்பின் ஆரணி ரோட்டுப் பக்கமே ஒரு வீட்டை பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுத்து இருந்து பாருங்கள். ஒரு கத்திரி வெயிலும் ஒரு ஐப்பசி மழையும் அங்கே கழிந்த பிறகு பத்திரம் பற்றிப் பேசலாம்.

எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். உங்கள் கணவர் வாரத்துக்கு இரண்டு முறை ஸ்டேஷனுக்குப் போகிறார். நீங்கள் வாரத்துக்கு ஆறு நாள், அதுவும் நேரங்கெட்ட நேரத்தில், டவுனுக்குப் போய் வருகிறீர்கள். வீடு உங்கள் வேலையைப் பார்த்துத்தான் அமைய வேண்டும். சேவூரிலிருந்து வந்தால் பாலாற்றுப் பாலம், கிரீன் சர்க்கிள் இரண்டையும் தாண்டாமல் டவுனுக்குள் நுழைய முடியாது. 2022-இல் காட்பாடி ரயில்வே மேம்பாலத்தைப் பழுதுபார்க்க மூடியபோது அந்தப் பக்கத்தார் சுற்றிய சுற்று ஊருக்கே தெரியும். மயானக் கொள்ளைத் திருவிழா அன்றைக்கு ஆற்றங்கரையில் நிற்கிற கூட்டத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆரணி ரோட்டிலும் பாகாயம், தொரப்பாடி வரை நெரிசல் இருக்கிறது. ஆனால் ஒரே பாலத்தை நம்பி வாழ வேண்டியதில்லை. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்திலேயே இருப்பது மாமியாருக்காகவும் நல்லது.

இனி போக்குவரத்துக் கணக்கு. ஒரு நாளைக்கு 22 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 550 கிலோமீட்டர். ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கொடுத்தால் 12 லிட்டர் பெட்ரோல், இது தாங்கக்கூடிய செலவுதான். நேரம்தான் யோசிக்க வைக்கிறது. இப்போது பத்து நிமிடத்தில் போகிற இடத்துக்கு 35 நிமிடம் ஆனால், போக வரச் சேர்த்து நாளுக்கு 50 நிமிடம் கூடுதல். மாதத்துக்கு ஏறக்குறைய 21 மணி நேரம். இதில் மகளின் டியூஷன் சேரவில்லை. டவுனில் டியூஷன் என்றால் கொண்டுபோய் விட்டு, திரும்பி வந்து, மறுபடி போய் அழைத்துவர நாலு நடை, 44 கிலோமீட்டர். பத்தாம் வகுப்பு வருடத்தில் இதைச் செய்யக் கூடாது என்று நான் சொல்வது அதனால்தான். கணவர் ஊரில் இல்லாத ஐந்து நாளும் அந்த நாலு நடையும் உங்கள் தலையில்தான் விழும்.

அமைதி பற்றி. புரோக்கர்கள் ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு வீடு காட்டுவார்கள். அந்த நேரத்தில் எந்தப் புறநகரும் அமைதியாகத்தான் இருக்கும். நீங்கள் புரோக்கர் இல்லாமல் மூன்று முறை போங்கள். ஒரு வேலை நாள் இரவு ஒன்பதரைக்கு, மதிய டியூட்டி முடித்து வருகிற அதே நேரத்தில், அதே வண்டியில். ஒரு நாள் விடியற்காலை ஐந்தரைக்கு. ஒரு பெரிய முகூர்த்த நாளில் ஒரு முறை. ஆடி மாதம் வாய்த்தால் கூழ் வார்க்கிற ஞாயிற்றுக்கிழமையும் போய் வாருங்கள். ஒலிபெருக்கிக் குழாய் எந்தத் திசையைப் பார்த்துக் கட்டியிருக்கிறது என்பது தெரியும். குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் சொல்லும் அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. உங்களுக்கு இன்னொன்றும் உண்டு: நைட் முடித்து வந்தால் காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை தூங்க வேண்டும். சுற்றிலும் காலி மனைகள் இருந்தால் அடுத்த ஐந்து வருடம் கான்கிரீட் மிக்சரும் டைல்ஸ் கட்டிங் மெஷினும் ஓடுவது அந்த நேரத்தில்தான்.

இரவு போகும்போது மெயின் ரோட்டிலிருந்து வீடு வரை எரிகிற தெருவிளக்குகளை எண்ணுங்கள். மொத்த மனைகளில் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்றும் எண்ணுங்கள். அறுபது மனையில் எட்டு வீட்டில் மட்டும் வெளிச்சம் என்றால், நைட் டியூட்டி வாரத்தில் மாமியாரும் மகளும் தனியாக இருக்கப் போகிற தெரு அது. சீமைக்கருவேலம் மண்டிய காலி மனை பக்கத்தில் இருந்தால் பாம்பு நடமாட்டத்தையும் அக்கம்பக்கத்தில் கேளுங்கள். வெளிக்கதவுக்கும் மாடிப்படிக்கும் லைட் இல்லாமல் குடி போகாதீர்கள்.

இப்போது தண்ணீர். வீடு நிலைப்பதும் நிலைக்காததும் நம் ஊரில் இதில்தான். இங்கே அடியில் இருப்பது கெட்டிப் பாறை. அதன் வெடிப்புகளில் ஊறி வருவதுதான் போர்வெல் தண்ணீர். ஒரு மனையில் வருவது பக்கத்து மனையில் வராது. “எண்ணூறு அடி போட்டிருக்கு, தண்ணி அள்ள அள்ளக் குறையாது” என்று சொல்வார்கள். ஆழம் எவ்வளவு என்பதை வைத்து ஊற்று எவ்வளவு என்று சொல்ல முடியாது.

ஒரு 20 லிட்டர் பக்கெட்டும் கைக்கடிகாரமும் எடுத்துக்கொண்டு போங்கள். சோதிக்கும் நாளில் காலையிலிருந்து மோட்டார் போடாமல் வைக்கச் சொல்லுங்கள். போட்டவுடன் பக்கெட் நிறைய எத்தனை விநாடி என்று குறியுங்கள். முப்பது விநாடி என்றால் நிமிடத்துக்கு 40 லிட்டர், மணிக்கு 2,400 லிட்டர். பார்க்க அருமையாக இருக்கும், நம்பிவிடாதீர்கள். ஆறரை இன்ச் போரில் ஓர் அடிக்கு ஆறரை லிட்டர் தண்ணீர் நிற்கும். மோட்டாருக்கு மேலே 300 அடி நின்றால் 1,950 லிட்டர். ஊற்றே இல்லாவிட்டாலும் முதல் முக்கால் மணி நேரம் அந்த வேகத்தில் கொட்டும். அதனால் ஒன்றரை மணி நேரம் விடாமல் ஓடட்டும். கால் மணிக்கு ஒரு முறை பக்கெட்டைப் பிடியுங்கள். முப்பது விநாடி எழுபது ஆகி அங்கேயே நின்றால் ஊற்று சிறியது, ஆனால் இருக்கிறது. காற்றும் சேறும் கலந்து துப்ப ஆரம்பித்தால் உடனே மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கள். தேங்கிய தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆளுக்கு 135 லிட்டர் வீதம் நாலு பேருக்கு நாளுக்கு 540 லிட்டர் வேண்டும். அது போரிலிருந்து வராவிட்டால் 12,000 லிட்டர் லாரி 22 நாளைக்கு வரும், அதைக் கொள்கிற சம்பு இருந்தால். பெரும்பாலான வீட்டில் சம்பு அதில் பாதிகூட இருக்காது. இந்தச் சோதனையை மே மாதம் செய்ய வேண்டும். கார்த்திகையில் எல்லாப் போரிலும் தண்ணீர் இருக்கும்.

அடுத்தது தண்ணீரின் தரம். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, கேனை அதே தண்ணீரில் மூன்று முறை கழுவி, கழுத்து வரை நிரப்பிக் கொடுங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகத்திலேயே சுத்தம் செய்த பாட்டில் வாங்கிக்கொண்டு, பிடித்த அன்றே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். முடிவு வந்ததும் இவற்றைப் பாருங்கள்: கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை, கடினத்தன்மை 200, மேல் எல்லை 600, ஃப்ளோரைடு 1, மேல் எல்லை ஒன்றரை, நைட்ரேட் 45-க்கு மேல் கூடாது. கடினத்தன்மை 600-ஐ ஒட்டியிருந்தால் கீசர் காயிலில் சுண்ணாம்பு படியும், துணி வெளுக்காது, ஷவர் ஓட்டை அடைபடும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கம் வீடு பார்க்கிற வாசகர்கள் குரோமியமும் சேர்த்துப் பார்க்க வேண்டும், எல்லை 0.05. தோல் தொழிற்சாலைக் கழிவுக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் நடத்திய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் நிலத்துக்குள் இறங்கினது சீக்கிரம் போவதில்லை.

நைட்ரேட்டும் கிருமியும் வருவது பெரும்பாலும் செப்டிக் டேங்கிலிருந்து. ஊராட்சிப் பகுதி என்பதால் பாதாளச் சாக்கடை இருக்காது. கழிவு ஊறும் குழிக்கும் குடிநீர்ப் போருக்கும் குறைந்தது 18 மீட்டர், அதாவது 59 அடி இடைவெளி வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். உங்கள் மனை முப்பதுக்கு நாற்பது என்றால் மூலைக்கு மூலை அளந்தாலே 50 அடிதான்! சொந்த மனைக்குள் அந்த இடைவெளியைக் கொடுக்கவே முடியாது; போதாததற்குப் பக்கத்து வீட்டுக் குழி உங்கள் சுவரை ஒட்டி இருக்கும். எனவே இரண்டு விஷயம் கேளுங்கள். டேங்க் அடியிலும் பக்கத்திலும் பூசிய தொட்டியா, இல்லை சிமெண்ட் உறை மட்டும் இறக்கிய குழியா? நாலு வருடத்தில் ஒரு தடவைகூட கழிவு லாரி கூப்பிடவில்லை என்று பெருமையாகச் சொன்னால் அது உறைக்குழியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். எல்லாம் மண்ணுக்குள் போயிருக்கும். இரண்டாவது, போருக்குக் கேசிங் பைப் எத்தனை அடி? மேல் மண்ணையும் நைந்த பாறையையும் தாண்டிக் கெட்டிப் பாறை வரை கேசிங் இறங்கி, அதைச் சுற்றிச் சிமெண்ட் கலவை ஊற்றி அடைத்திருக்க வேண்டும். காசு மிச்சம் பிடிக்க இருபது அடியில் நிறுத்தியிருந்தால் மேல்தண்ணீர் நேராக உள்ளே இறங்கும்.

வெயிலை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தனி வீட்டில் மொட்டைமாடி நேராகத் தலைக்கு மேல் இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இரவு பத்து மணிக்கு மேற்குச் சுவரின் உள்பக்கம் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சுட்டால் அந்த அறையில் மாமியாரைப் படுக்க வைக்காதீர்கள். அப்போதே ஒரு எலக்ட்ரீஷியனைக் கொண்டு வோல்டேஜும் பாருங்கள். 230 இருக்க வேண்டும். லைன் கடைசியில் இருக்கிற தெருக்களில் மே மாத இரவில் 200-க்குக் கீழே இறங்கும். ஏசி கம்ப்ரசரும் போர் மோட்டாரும் திணறும்.

பத்திர விஷயத்தை வக்கீலிடம் விடுங்கள், ஆனால் வெறும் பட்டாவைக் காட்டினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். முப்பது வருட வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், ஊரமைப்புத் துறை அங்கீகார எண், கட்டட வரைபட அனுமதி இவையெல்லாம் வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவு என்றால் 2016 அக்டோபர் 20-க்குள் பதிவாகி, பிறகு வரன்முறைப்படுத்தப்பட்டதா என்று பார்க்க வேண்டும். வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டில் அந்தச் சர்வே எண் ஏரி, ஓடை, வண்டிப்பாதை என்று இருக்கக் கூடாது. கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் வைத்து, பக்கத்து ஏரி நிரம்பிக் கோடி போனால் தண்ணீர் எந்த வழியாக ஓடும் என்று நடந்து பாருங்கள். 2021 நவம்பர் மழையில் அந்தத் தெருவில் தண்ணீர் எங்கே வரை நின்றது என்பதை மாடு மேய்க்கிற பெரியவர்களிடம் கேளுங்கள்; சுவரில் கைவைத்துக் காட்டுவார்கள்.

மாமியாருக்கு அமைதி வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். மண்டபத்துச் சத்தம் போக வேண்டும் என்பது சரி. ஆனால் கொசப்பேட்டையில் அவர் காலையில் வாசலில் உட்கார்ந்தால் பேச நாலு பேர் வருவார்கள், கோயிலுக்கு அவரே நடப்பார், பூக்காரம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மூட்டுவலியோடு ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து ஆரணி ரோட்டுக்கு வர அவரால் முடியாது. பகலெல்லாம் டிவியும் கூரையும்தான் துணை. அவரை ஒரு வாரம் அந்தப் பக்கம் உறவினர் வீட்டில் விட்டுப் பார்க்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் அவரிடமே கேளுங்கள். மகன் மனம் நோகக் கூடாது என்று “உங்க இஷ்டம்” என்பார், அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதற்கிடையே தூக்கத்துக்காக அதே கொசப்பேட்டையிலோ வேலூர் சைதாப்பேட்டையிலோ மண்டபத்துக்கு இரண்டு தெரு தள்ளி வீடு தேடுங்கள். உங்கள் கஷ்டத்தில் பாதி அதிலேயே தீரக்கூடும்.

டோக்கன் கொடுக்காதீர்கள். “இன்னும் ரெண்டு பேர் கேட்டிருக்காங்க” என்றால் அவர்களுக்கே போகட்டும். பாதி மனைகள் காலியாகக் கிடக்கிற பகுதியில் அடுத்த வருடமும் வீடு விலைக்கு வரும். எப்போது கொடுத்தாலும் பதிவு செய்த கிரய ஒப்பந்தத்தின் பேரில், வங்கி வழியாகக் கொடுங்கள். தண்ணீர்ச் சோதனை தேறாவிட்டாலோ வங்கி சட்ட ஆய்வில் கடன் மறுத்தாலோ எத்தனை நாளில் முன்பணம் திரும்ப வேண்டும் என்பதையும் அதில் எழுதி வாங்குங்கள். பக்கெட் பிடித்த கணக்கும் ஆய்வக முடிவும் கைக்கு வந்ததும் எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.