ஆல்ட்டோ சாக்ஸபோனில் மேல் சுரங்கள் கூச்சலிடுகின்றனவா?

யமஹா 280 ஆல்ட்டோவில் மேலை செவ்வியல் இசை வாசிக்கும்போது மேல் சுரங்கள் கூச்சலிடுகின்றன, கருவியையே மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கருவியை மாற்ற வேண்டாம், வாயில் வைத்து ஊதும் பகுதியான மவுத்பீஸை மாற்றுங்கள். உங்களிடமுள்ள யமஹா 280 ஆல்ட்டோ மேலை செவ்வியல் இசைக்குப் போதுமானது. மேல் சுரங்கள் கூச்சலிடுவதற்குக் காரணம், பெரும்பாலும் நீங்கள் பொருத்தியிருக்கும் முனைத்திறப்பு (நுனியில் காற்று நுழையும் இடைவெளி) அகன்ற ஜாஸ் மவுத்பீஸ்தான்.

செல்மர் எஸ்80 சி ஸ்டார் அல்லது வான்டோரன் ஏஎல்3 மவுத்பீஸ், அதனுடன் வான்டோரன் நீலப் பெட்டியின் 3ஆம் எண் ரீடு (மவுத்பீஸில் பொருத்தும், ஊதும்போது அதிரும் மெல்லிய நாணல் பட்டை): இவற்றையே நான் மனமாரப் பரிந்துரைப்பேன். இந்த மவுத்பீஸ்களின் திறப்பு குறுகலானது என்பதால், மெல்ல வாசிக்கும்போதும் ஒலி சிதறாமல் உருண்டு நிற்கும்.

வாங்கிய பின், மவுத்பீஸை மட்டும் தனியே ஊதி, டியூனரில் (சுர அளவைக் காட்டும் கருவியில்) 880 ஹெர்ட்ஸ் அளவில் ஏ சுரம் வருகிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் ஏறினால் உதடு அதிகமாக இறுக்குகிறது என்று பொருள், அதை எந்த மவுத்பீஸும் சரிசெய்யாது.

ரீடின் கடினத்தைக் குறிக்கும் எண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்; 3இல் காற்றிரைச்சல் கேட்டால் இரண்டரைக்கு இறங்குங்கள்.