போல்ட் போட்டு இழுக்காதீர்கள்

அன்புள்ள அண்ணன்,

குளச்சல் பைபர் வள்ளப் பட்டறைகளைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எனக்குக் கருங்கல் பக்கம். ஐடிஐயில் ஃபிட்டர் முடித்து மார்த்தாண்டத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறேன். வீட்டுப் பின்புறத்தில் இரண்டு பேர் உட்காரும் சிறிய கார் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். சதுர பைப்பில் பிரேம் நானே வெல்டிங் செய்தது. மாருதி 800 இன்ஜின். அதுவரை எல்லாம் சரி. பாடிக்கு வெளியூர் பட்டறை ஒன்றில் பைபர் பேனல்கள் வாங்கினேன். பானெட்டை வைத்துப் பார்த்தால் இடது பக்கம் 4 மில்லிமீட்டர் இடைவெளி, வலது பக்கம் 11. டோரின் மேல்முனை வெளியே தள்ளி நிற்கிறது. பின்பக்கப் பேனலுக்கும் பிரேமுக்கும் நடுவே விரல் போகிறது. "போல்ட் போட்டு இழுத்தா வந்திரும்டே" என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள். நான் ஏமாந்துவிட்டேனா? பேனலைத் திருப்பிக் கொடுத்துவிடவா? இந்த வண்டியை ரோட்டில் ஓட்ட முடியுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ஏமாறவில்லை. திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம். ஆனால் தயவுசெய்து போல்ட் போட்டு இழுத்துவிடாதீர்கள்.

நீங்கள் இரும்பில் பழகியவர். தகட்டை வளைத்தால் வளைந்த இடத்தில் நின்றுவிடும். பைபர் அப்படி நிற்காது. இழுத்து முடுக்கிய பேனல் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த விசை முழுவதும் போல்ட் தலையைச் சுற்றியே நிற்கும். சில மாதங்களில் அங்கே ஜெல்கோட்டில், அதாவது பேனலின் வெளிப்பூச்சில், நட்சத்திரம் போல வெடிப்பு விழும். நம் ஊர் வெயிலும் சேர்ந்தால் இரண்டு போல்ட்டுக்கு நடுவே பேனல் மெல்ல உப்பும். அதன் பிறகு எத்தனை கோட் புட்டி வைத்தாலும் தீராது.

பேனல்கள் ஏன் இப்படி வருகின்றன? அச்சில் வாக்ஸ் போட்டு, ஜெல்கோட் அடித்து, மேட் என்ற கண்ணாடி இழை விரிப்பும் ரெசின் என்ற பிசினுமாகக் கையால் அடுக்குகிறார்கள். பாலியெஸ்டர் ரெசின் கெட்டியாகும்போது சுருங்கும். அச்சிலிருந்து எடுத்த பிறகும் சில வாரங்கள் அது முழுதாக இறுகிக்கொண்டுதான் இருக்கும். அவசரமாக எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தால் அந்தச் சாய்வும் அதில் ஏறிவிடும். ஆக, ஒரே அச்சில் எடுத்த இரண்டு பானெட்டுகூட அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது. 1953இல் செவ்ரோலே நிறுவனம் பைபர் உடம்போடு கார்வெட்டைக் கொண்டுவந்தபோது அந்த ஆண்டில் செய்தது 300 வண்டிகள்தான், அவையும் பெரும்பாலும் கைவேலை. உங்கள் 4க்கும் 11க்கும் பட்டறைக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்த வேறுபாட்டைச் சரிசெய்வதுதான் பாடி பொருத்தும் வேலையே.

எங்கிருந்து தொடங்குகிறீர்கள் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் பார்த்தால், ஒவ்வொரு பேனலையும் பிரேமோடு சேர்க்கப் பார்க்கிறீர்கள் என்று படுகிறது. பிரேமை மறந்துவிடுங்கள். பேனலுக்குப் பேனல் சேரட்டும், பிரேம் பிறகு வந்து சேர்ந்துகொள்ளும். முதலில் வண்டியை நான்கு சக்கரத்தில், சமதளத்தில் நிறுத்துங்கள். இன்ஜின், சீட், டேங்க் எல்லாம் ஏறியிருக்கட்டும். எடை ஏறாத வண்டியில் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே பார்க்கும் இடைவெளி பொய்யானது. முன்னிருந்து பின்னாக நடுவே ஒரு நூல் கட்டி, தூக்குக்குண்டு விட்டு மையத்தைப் பேனல்களில் பென்சிலால் குறியுங்கள். ஒரு துளைகூடப் போடாமல் கிளாம்ப், மரஆப்பு, மாஸ்கிங் டேப் இவற்றால் மட்டும் எல்லாப் பேனல்களையும் நிறுத்துங்கள்.

அடுத்தது டோர். கீல், பூட்டு, ஓரத்தில் வரும் ரப்பர் பீடிங் மூன்றையும் மாட்டிய பிறகே அது சரியாக உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். பீடிங் இல்லாமல் அழகாக உட்கார்ந்த டோர், பீடிங் வந்ததும் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். டோர் அமைந்த பிறகு அதை ஒட்டிப் பின்பக்கம், கடைசியாக பானெட். ஒரே தடிமனுள்ள பிளைவுட் துண்டுகளை இடைவெளிகளில் செருகிக்கொண்டே போங்கள். உங்கள் 4ம் 11ம் சேர்ந்து 15. பானெட்டை வலது பக்கம் மூன்றரை நகர்த்தினாலே இரண்டு பக்கமும் ஏழரை ஆகிவிடும், ஒரு கத்தியும் வைக்காமல். நகர்த்த இடமில்லை என்றால்தான் வெட்டுவதும் சேர்ப்பதும். வலது பக்கமும் இடது பக்கமும் ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகாமல் ஒத்துவர வேண்டும் என்று உயிரை விடாதீர்கள், இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பார்க்கும் மனிதர் இல்லை. ஆனால் ஒரே இடைவெளி மேலே குறுகியும் கீழே விரிந்தும் இருந்தால் தெருவில் போகிறவருக்கும் தெரியும்.

விளிம்பில் சேர்ப்பதைக் கற்றுக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை குளச்சல், முட்டம் பக்கம் வள்ளம் ரிப்பேர் பார்க்கும் இடத்துக்குப் போய்வாருங்கள். கடப்புறத்தில் அவர்கள் கைவேலையைப் பார்ப்பதைவிடப் பெரிய பாடம் இல்லை. உடைந்த இடத்தை அப்படியே அடைக்க மாட்டார்கள். ஓரத்தைக் கிரைண்டரால் அகலமாகச் சரித்து, ஒன்றுமில்லாமல் மெலிந்து போகும்வரை தேய்ப்பார்கள். மேட்டைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழிப்பார்கள். கிழிந்த ஓரத்தின் இழைகள் பரந்து பழைய பைபரோடு கலந்துவிடும், வெட்டிய ஓரம் வரப்புபோலத் தெரியும். பிரஷ்ஷால் தேய்க்காமல் குத்திக்குத்தி ரெசின் ஏற்றுவார்கள். வெள்ளை மேட் நிறம் மாறிக் கண்ணாடிபோல ஆகும். எங்காவது ஒரு வெள்ளைப் புள்ளி நின்றால் அங்கே காற்று சிக்கியிருக்கிறது, ரோலர் அங்கே போகும். காய்ந்ததும் நாணயத்தால் தட்டிக் கேட்பார்கள். கணீரென்றால் ஒட்டியிருக்கிறது, மந்தமாகக் கேட்டால் உள்ளே பிரிந்திருக்கிறது. இதையேதான் நீங்கள் பானெட் விளிம்பிலும் செய்ய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை, இதை இரண்டு முறை வாசியுங்கள். சில கடைகளில் ரெசினோடு, அது வேகமாக இறுகுவதற்கு ஊதா நிறத்தில் கோபால்ட்டும், அதை இறுக வைக்கத் தண்ணீர்போல ஹார்டனரும் தனித்தனியாகத் தருவார்கள். இந்த இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலந்து முடித்த பிறகே ஹார்டனர். ஹார்டனர் ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வை போய்விடக்கூடும், கண்ணாடி அணியாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். கிரைண்டர் பிடிக்கும்போது நல்ல மாஸ்க், முழுக்கைச் சட்டை. வீட்டுப் பின்புறம் என்கிறீர்கள், குழந்தைகள் அந்தத் தூசியில் விளையாடக் கூடாது.

எல்லாம் அமைந்த பிறகுதான் துளை. டேப் ஒட்டி, ஜெல்கோட் பக்கத்திலிருந்து, அழுத்தாமல் டிரில் பண்ணுங்கள். வெயிலில் பைபர் இரும்பைப்போல இரண்டு மடங்கு விரியும், ஆகவே 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 8 மில்லிமீட்டர் துளை, பெரிய வாஷர், அடியில் ரப்பர். கடற்காற்று வீசும் ஊர் நமது, ஸ்டெயின்லெஸ் போல்ட் வாங்குங்கள். விரல் போகும் அந்தப் பின்பக்க இடைவெளியை முடுக்கி மூட வேண்டாம். பிரேம் மேல் பாலிதீன் விரித்து, பவுடர் சேர்த்துக் கெட்டியாக்கிய ரெசினை மேடாக வைத்து, அதன்மேல் பேனலை அதன் இயல்பான இடத்தில் உட்கார விடுங்கள். இறுகியதும் பாலிதீனை உரித்தால் அந்த இடத்துக்கென்றே வார்த்த ஒரு தாங்கி கிடைக்கும்.

ரோட்டில் ஓட்டுவது இன்றைய நிலையில் நடக்காது. பதிவு செய்ய வேண்டுமென்றால் மத்திய மோட்டார் வாகன விதி 126இன்படி புனே ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அமைப்பின் சோதனைச் சான்று வேண்டும், அது தனி ஆள் தாங்கும் செலவல்ல. இன்ஜின் வந்த பழைய மாருதியின் ஆர்.சி.யை வைத்து டி.என். 75 நம்பரோடு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கம்பெனி விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. சொந்தக்காரர் தோப்பு, தனியார் நிலம், அனுமதி கிடைத்தால் இருங்காட்டுக்கோட்டை அல்லது கோவை பந்தயத் தளம். இந்த வரம்பு உங்களை நிறுத்திவிடக் கூடாது என்று மனதார விரும்புகிறேன். பிரேமை நீங்களே வெல்டிங் செய்து இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்றால், அந்தக் கை சும்மா இருக்கக் கூடாது.

பெயிண்ட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ரெசின் வேலையை இடவப்பாதி மழைக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழைக்கு, முன்பே முடித்துவிடுங்கள், ஈரம் ஏறிய மேட்டில் ரெசின் பிடிக்காது. பிறகு பேனல்களைப் பொருத்திய நிலையிலேயே சில வாரம் வெயிலில் விடுங்கள், சுருங்க வேண்டியது சுருங்கட்டும். கறுப்பு வேண்டாம். வெயிலில் கறுப்புப் பரப்பு சூடேறி உள்ளிருக்கும் மேட்டின் இழைகள் மேலே தெரிய ஆரம்பிக்கும். வெள்ளையோ இளமஞ்சளோ அடியுங்கள். டோர் நின்றதும் ஒரு படம் அனுப்புங்கள், பீடிங்கோடு.

அன்புடன்