எபிரேய மொழியும் இலக்கியமும் பட்டப்படிப்பாகப் படித்தால் உண்மையில் என்ன சொல்லித்தருவார்கள்?

பேசக் கற்றுக்கொள்வதற்கு 'உல்பான்' எனும் தீவிர மொழி வகுப்புகள் தனியாக இருக்கின்றன. பட்டப்படிப்பு வேறு சங்கதி. 1925இல் திறக்கப்பட்ட எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் மொழி ஒரு துறை, இலக்கியம் இன்னொரு துறை.

மொழிப் பக்கம் போனால் விவிலியம், மிஷ்னா (பழைய யூதச் சட்டத் தொகுப்பு), இடைக்காலம், நவீனம் என்று அடுக்கடுக்காக இறங்க வேண்டும். புதியவரை முதலில் திணறடிப்பது எழுத்துதான். இருப்பது 22 எழுத்து, எல்லாமே மெய். உயிர்க்குறிகளை, விவிலியப் பாடத்தைப் பேணிவந்த மசோரெத் அறிஞர்கள் பிற்பாடு சேர்த்தார்கள். இன்றைய நாளிதழில் அவையும் பெரும்பாலும் இருக்காது. ஸ-ப-ர என்ற ஒரே மூன்றெழுத்தை 'ஸெஃபெர்' என வாசித்தால் புத்தகம், 'ஸஃபர்' என்றால் எண்ணினான், 'ஸப்பர்' என்றால் முடிதிருத்துபவர்! இடம் பார்த்து நீங்களே உயிர் கொடுக்க வேண்டியதுதான்.

இலக்கியத்தில் இடைக்கால ஸ்பெயினின் கவிஞர் யெஹுதா ஹலேவி, பிறகு நவீனக் கவிஞர் பியாலிக், 1966இல் நோபல் பெற்ற கதாசிரியர் அக்னோன். விவிலியத்தைக் கரைத்துக் குடிக்காமல் அக்னோனைத் தொடாதீர்கள் என்பேன். வரிக்கு வரி பழைய நூல்களின் எதிரொலி.

நமக்கு ஒரு சின்னக் கொசுறு: விவிலிய அரசன் சாலொமோனுக்குக் கப்பலில் வந்த மயிலைக் குறிக்கும் எபிரேயச் சொல் 'துக்கி', நம் 'தோகை'யிலிருந்து போனது என்பது அறிஞர் பலரின் கருத்து.