சேலத்தில் சின்ன ஜிம்முக்கு விர்ச்சுவல் அசிஸ்டென்ட் வைத்தால் மாதம் எவ்வளவு ஆகும்?

கேள்வி கேட்டவருக்குச் சுமார் 150 மெம்பர்கள், மாதம் ஆளுக்கு 1,000 ரூபாய் ஃபீஸ். மாலையில் பயிற்சித் தளத்தில் நிற்கும்போது போன் எடுக்க முடிவதில்லை, வாட்ஸ்அப்பில் கேட்பவர்களுக்குப் பதில் போவதற்குள் அவர்கள் வேறு இடத்தில் சேர்ந்துவிடுகிறார்கள், வீட்டிலிருந்தே இதைப் பார்த்துக்கொள்ள ஒரு விர்ச்சுவல் அசிஸ்டென்டை, அதாவது போன், வாட்ஸ்அப் வழியாக வேலை பார்க்கும் ஆளை, வைத்தால் கட்டுப்படியாகுமா என்று கேட்டிருக்கிறார். நானும் அஸ்தம்பட்டிப் பக்கம் ஏறக்குறைய அதே அளவில் ஒரு ஜிம் நடத்துகிறேன், அதனால் பதில் சொல்கிறேன்.

தொகையை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து தினம் நாலு மணி நேரம் வேலை பார்க்கும் ஒருவருக்கு நான் கொடுப்பது மாதம் 8,000 ரூபாய். அதோடு போன் ரீசார்ஜ் 350. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ், அதைப் பன்னிரண்டாகப் பிரித்தால் மாதத்துக்கு 670 வரும். ஆக 9,000 ரூபாய். முழு நேரமாக விசாரித்தபோது 13,000 முதல் 16,000 வரை கேட்டார்கள். வெளியூர் ஏஜென்சி ஒன்று சொன்ன விலை 18,000, ஜிஎஸ்டி தனி.

இணையத்தில் இதைப் பற்றித் தேடினால் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை டாலர் என்றுதான் முதலில் வரும். அமெரிக்காவில் ஸ்டுடியோ வைத்திருப்பவர் பிலிப்பைன்ஸில் ஆள் வைப்பதற்கான கணக்கு அது. அங்கே ஒரு மெம்பர் கட்டும் மாதக் கட்டணம் வேறு, நாம் வாங்கும் ஆயிரம் ரூபாய் வேறு. என் 8,000 ரூபாயை மாதம் 26 நாள் தினம் நாலு மணி, நாலு ஞாயிறு ரெண்டு ரெண்டு மணி என்று வகுத்தால் மணிக்கு 71 ரூபாய் வருகிறது. ஒரு டாலர்கூட இல்லை. அந்தக் கட்டுரைகளைப் படித்து மிரள வேண்டாம். அதில் உள்ள வேலைப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்சி விலையில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 18,000 ரூபாய்க்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 21,240. அந்த 3,240 ரூபாயை உங்களால் திரும்ப எடுக்க முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் கட்டணத்துக்கான வரி 18லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் உள்ளீட்டு வரியை, அதாவது நாம் வாங்கும் சேவைக்குக் கட்டிய ஜிஎஸ்டியை, கழித்துக்கொள்ளும் வசதி அதில் கிடையாது. உங்கள் விஷயத்தில் அதற்கும் முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது. 150 பேர் ஆயிரம் வீதம் கட்டினால் வருடத்துக்கு 18 லட்சம். 20 லட்சத்தைத் தாண்டும் வரை நீங்கள் ஜிஎஸ்டி பதிவே செய்ய வேண்டியதில்லை. கவுண்டரில் புரோட்டீன் டப்பா விற்றால் அதுவும் அந்த 20 லட்சக் கணக்கில் சேரும், மறந்துவிடாதீர்கள். எப்படிப் பார்த்தாலும் ஏஜென்சி பில்லில் உள்ள வரி உங்கள் கைக்காசுதான்.

சரி, ஏஜென்சி வேண்டாம் என்று நான் முடிவு செய்ததற்கு வரி மட்டும் காரணம் இல்லை. ஃபேர்லேண்ட்ஸில் ஜிம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வெளியூர் ஏஜென்சியிடம் கொடுத்திருந்தார். ஆடிப் பண்டிகை புதன்கிழமை அன்று காலையில் எல்லா மெம்பர்களுக்கும் ஒரு மெசேஜ் போயிருக்கிறது: "இன்னிக்கு லெக் டே, மிஸ் பண்ணாதீங்க!" சேலமே மாரியம்மன் கோயில் வாசலில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்த நேரம் அது. பாதிப் பேர் கோயிலில், மீதிப் பேர் மறுநாள் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை (அலங்கார வண்டி ஊர்வலம்) பார்க்க ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர் தெரியாத ஆள் பதில் சொன்னால் இப்படித்தான். "நாலு ரோட்டுல இருந்து எப்படி வரணும்ங்க?" என்று கேட்டால் கூகுள் மேப் இணைப்பு அனுப்புகிறவருக்கும், "கோயிலைத் தாண்டி ரெண்டாவது சந்துங்க அண்ணா" என்று சொல்கிறவருக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

உண்மையில் விலையைத் தீர்மானிப்பது எத்தனை மணி நேரம் என்பதைவிட எந்த மணி நேரம் என்பதுதான். ஜிம்முக்கு விசாரிப்பவர்கள் ஆபீஸ் நேரத்தில் கேட்பதில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போய், கண்ணாடியைப் பார்த்துவிட்டு, இரவு ஏழு மணிக்கு மேல்தான் "மாசம் எவ்ளோங்க?" என்று தட்டுகிறார்கள். அதே நேரத்தில் நீங்கள் யாருக்காவது பெஞ்ச் பிரஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். காலை பத்து முதல் மாலை ஐந்து வரை உட்காரும் ஆளுக்கு 13,000 கொடுத்தாலும் இந்தச் சிக்கல் தீராது. ஆனால் வீட்டிலிருந்து வேலை தேடுபவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அவர்களுக்கு இரவு ஏழிலிருந்து ஒன்பது வரை சமையல், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் என்று வீட்டில் வேலை மும்முரமாக இருக்கும் நேரம். அந்த நேரத்தைத்தான் நாம் விலைக்குக் கேட்கிறோம். எனவே அதற்குக் கூடக் கொடுப்பது நியாயம். கல்லூரி மாணவர்கள் இரவில் கிடைப்பார்கள், விலையும் குறைவு. செமஸ்டர் தேர்வு வந்தால் காணாமல் போவார்கள்.

என்னிடம் இருப்பவர் அம்மாபேட்டையில் இருக்கும் ஒரு அக்கா. முன்பு ஜவுளிக்கடை ஒன்றில் பில் போட்டுக்கொண்டிருந்தவர், அதனால் முகம் சுளிக்காமல் பேசவும் காசுக் கணக்கு எழுதவும் தெரியும். காலை பத்து முதல் பன்னிரண்டு, இரவு ஏழு முதல் ஒன்பது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவருக்குக் காலை நேரம்தான். காரணம் நான். ஞாயிறு விடியலில் சைக்கிள் குழுவைக் கூட்டிக்கொண்டு அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறுவேன். 20 கொண்டை ஊசி வளைவு, வழியில் பல இடங்களில் சிக்னல் இருக்காது, இருந்தாலும் மூச்சு வாங்கும் நேரத்தில் போன் எடுக்க முடியாது. ஏரிக்கரைக்குப் போய்த்தான் போனைப் பார்ப்பேன். அதற்குள் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் பதில் சொல்லியிருப்பார்.

இப்போது முக்கியமான விஷயம். உங்கள் கேள்வி புது ஆட்களைப் பற்றி. என் அனுபவத்தில் அசிஸ்டென்ட் சம்பளத்தைத் திரும்பக் கொண்டுவருவது பழைய மெம்பர்கள்தான். இன்ஸ்டாகிராமில் ஃபீஸ் கேட்பவர்களில் நிறைய பேர் ஊரில் உள்ள எல்லா ஜிம்மிலும் கேட்கிறார்கள். ஒருவர் மாதக்கணக்கில் வந்து, கல்யாணம், காய்ச்சல் என்று ஒரு வாரம் நின்று, அப்படியே வராமல் போவதுதான் நம் தொழிலின் ஓட்டை. நமக்கு அது தெரியவே தெரியாது, ஏனென்றால் வராதவர் கண்ணில் படுவதில்லை. அந்த அக்காவுக்கு நான் கொடுத்திருக்கும் முதல் வேலை அதுதான்: யாருக்கு எந்தத் தேதியில் ஃபீஸ் முடிகிறது என்ற பட்டியல். அஞ்சு நாள் முன்னால் ஒரு மெசேஜ், முடிகிற அன்றைக்கு ஒரு போன். பத்து நாள் ஆகியும் வரவில்லை என்றால் அவர் கூப்பிட மாட்டார், ட்ரெயினர் கூப்பிடுவார். உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவர் கூப்பிட்டால் வருகிறவர்கள் வேறு யார் கூப்பிட்டாலும் வருவதில்லை.

மெசேஜின் வாசகமும் முக்கியம். "ஃபீஸ் முடிஞ்சிருச்சு, கட்டிருங்க" என்று போட்டால் கடன் வசூலிக்க வந்தவர் மாதிரி ஆகிவிடும். "அண்ணா, இந்த வாரம் ஆளையே காணோமே, உடம்பு பரவாயில்லைங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வரும். உங்களுக்கு 9,000 ரூபாய் திரும்ப வர மாதம் ஒன்பது பேர் நிற்காமல் தொடர்ந்தால் போதும். 150 பேரில் ஒன்பது பேர். அது நடக்கவில்லை என்றால் ஆள் வைத்ததில் அர்த்தமில்லை, எத்தனை லைக் வந்தாலும் சரி.

சிலர் புதுச் சேர்க்கைக்கு இத்தனை ரூபாய் கமிஷன் என்று பேசுவார்கள். எனக்கு அதில் விருப்பம் இல்லை. கமிஷன் பார்க்கும் ஆள் வருடச் சந்தாவைத் தலையில் கட்டவும், நாம் சொல்லாத தள்ளுபடியைச் சொல்லவும் ஆசைப்படுவார். கவுண்டரில் வந்து சண்டை போடும்போது பதில் சொல்வது நாம்தான்.

கருவிகளுக்குத் தனிச் செலவு தேவையில்லை. வாட்ஸ்அப் பிசினஸ் இலவசம். உங்கள் போன் உங்களிடமே இருக்கட்டும். அதே எண்ணை இன்னும் நாலு சாதனங்களில் இணைக்கலாம், அதில் ஒன்று அசிஸ்டென்டுடையது. ஆளை நிறுத்தினால் உங்கள் போனிலிருந்தே அந்த இணைப்பைத் துண்டித்துவிடலாம். உங்கள் போன் 14 நாள் தொடாமல் கிடந்தால் இணைத்த சாதனங்கள் தானாக வெளியேறிவிடும், அவ்வளவுதான். இன்ஸ்டாகிராமுக்கு பாஸ்வேர்டு கொடுக்காதீர்கள். மெட்டா பிசினஸ் சூட் (இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனம் தரும் நிர்வாகக் கருவி) வழியாக மெசேஜ் பார்க்க மட்டும் அனுமதி கொடுக்கலாம். கூகுளில் உள்ள ஜிம் பக்கத்துக்கு அவரை மேனேஜராகச் சேர்த்தால் ரிவ்யூக்களுக்குப் பதில் போட முடியும், உரிமையாளர் பொறுப்பு உங்களிடமே இருக்கும். பணம் எப்போதும் ஜிம்மின் கியூஆர் கோடுக்கு மட்டுமே வர வேண்டும். "என் நம்பருக்கு ஜீபே பண்ணுங்க, நான் அண்ணாகிட்ட கொடுத்துடறேன்" என்பது ஒரு தடவைகூட நடக்கக் கூடாது, ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

ரீல் எடிட்டிங் வேறு வேலை, அதை இதில் கலக்காதீர்கள். ஒரு கல்லூரிப் பையன் எனக்கு ரீலுக்கு 400 வாங்கிக்கொண்டு மாதம் நாலு செய்து தருகிறான். அதையும் அந்த அக்கா தலையில் கட்டினால் ரெண்டும் கெடும்.

அப்புறம், சேலம் மாதிரி ஊரில் ஆள் வைப்பதில் பெரிய நகரங்களில் இல்லாத ஒரு தர்மசங்கடம் உண்டு. நாலு பேரை விசாரித்தால் அஞ்சாவது ஆள் யாருக்காவது சொந்தக்காரராக இருப்பார். பெண்கள் பேட்ச்சில் கல்யாணத்துக்கு முன் எடை குறைக்க வருகிறவர்கள் இருக்கிறார்கள், பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள், சர்க்கரை இருப்பதை வீட்டிலேயே சொல்லாதவர்கள் இருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்கும் தெருவிலேயே உங்கள் அசிஸ்டென்ட் குடியிருக்கலாம். எனவே அவரிடம் இருக்க வேண்டியது பெயர், போன் நம்பர், ஃபீஸ் தேதி மட்டும். எடை, நோய் விவரம் எழுதிய படிவம், முன்னும் பின்னும் எடுத்த போட்டோக்கள் எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் ஒரு பேச்சு வெளியே போனால் பெண்கள் பேட்ச் முழுசும் காலியாகிவிடும். பெண்கள் பேட்ச்சுக்குப் பதில் போடுகிறவர் பெண்ணாக இருப்பதும் நல்லது, நிறைய கேள்விகள் அப்போதுதான் வரும்.

உணவு, வலி, மாத்திரை பற்றிய எந்தக் கேள்விக்கும் அசிஸ்டென்ட் பதில் சொல்லக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். புரட்டாசி வந்தால் "கறி முட்டை இல்லாம புரோட்டீனுக்கு என்ன பண்றதுங்க?" என்று வரிசையாக வரும். பன்னீர், சோயா, கொண்டைக்கடலை என்று யாரும் சொல்லிவிடலாம்தான். ஆனால் கேட்பவருக்குக் கிட்னி பிரச்சினை இருப்பது அசிஸ்டென்டுக்குத் தெரியாது. "ட்ரெயினர் உங்களைக் கூப்பிடுவாருங்க" என்ற ஒரே பதில்தான் எங்கள் ஏற்பாடு. முட்டி வலிக்கும் அதே பதில்.

80 மெம்பர்களுக்குக் கீழே இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், ஆள் வைக்காதீர்கள். வாட்ஸ்அப் பிசினஸில் வரவேற்பு மெசேஜ், நேரம் கழித்து வருபவர்களுக்கான மெசேஜ், அம்பது வரைக்கும் சட்டென்று அனுப்பும் தயார் பதில்கள் எல்லாம் வைக்கலாம். ஃபீஸ், நேரம், வழி, பெண்கள் பேட்ச் உண்டா, பார்க்கிங் உண்டா, ஒரு நாள் வந்து பார்க்கலாமா என்று கேள்விகள் எல்லாமே இதற்குள் அடங்கும். ஆள் வைப்பதாக இருந்தாலும் இந்தப் பதில்களை நீங்களே உட்கார்ந்து எழுத வேண்டும். யார் வந்தாலும் முதல் மாதம் உங்கள் நேரம் கொஞ்சம் போகத்தான் செய்யும். அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் 150 பேர் வைத்திருப்பதால் நான் சொல்வது இது: எடுத்தவுடன் நாலு மணி நேரம் பேச வேண்டாம். முதல் மாதம் இரவு ஏழு முதல் ஒன்பது வரை மட்டும், 4,500 ரூபாய் என்று பேசுங்கள். சேருவதற்கு முன்பே உங்கள் ஃபீஸ் தேதிப் பட்டியலைச் சரி செய்து கொடுங்கள். மாதக் கடைசியில் எத்தனை பேர் வராமல் நின்றார்கள், எத்தனை பேர் திரும்பக் கட்டினார்கள் என்று போன மாதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திரும்பக் கட்டியவர்கள் கூடியிருந்தால் காலை நேரத்தையும் சேர்த்து 8,000 ஆக்குங்கள். ஜனவரியில் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அந்த மாதம் யார் போன் எடுத்தாலும் ஆள் சேரும்.