புளி போட்டுத் தேய்க்கலாமா?

கேள்வி: கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்ததாகச் சொல்லி ஒருவர் விற்ற ரோமானியச் செப்புக்காசு என்னிடம் இருக்கிறது. விரல் நகம் அளவுதான். புளி போட்டுத் தேய்த்தால் அரசர் முகம் பளிச்சென்று தெரியும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வேண்டவே வேண்டாம். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாக ஈரமண்ணில் கிடந்த காசின் மேல்தோல் இப்போது செம்பு இல்லை, செம்பே மாறி உருவான களிம்பு. முகமும் எழுத்தும் அந்தக் களிம்பில்தான் நிற்கின்றன. புளியின் அமிலம் முதலில் கரைப்பது அதைத்தான். தேய்த்து முடித்தால் குழி விழுந்த செப்புத்தகடுதான் மிஞ்சும்.

முகம் தெரிந்தாலும் அரசர் யாரென்று சொல்ல முடியாது. முதல் நூற்றாண்டு ரோமானிய அரசர் நீரோவின் பெரிய காசுகளில் தாடைச்சதை மடிப்புகூடத் தெரியும். உங்களுடையது போன்ற நான்காம் நூற்றாண்டுச் சில்லறையிலோ எல்லா அரசருக்கும் ஏறக்குறைய ஒரே முகம்: பக்கவாட்டில் திரும்பிய தலை, தலையைச் சுற்றிக் கட்டிய முத்துப்பட்டை, பின்கழுத்தில் தொங்கும் அதன் முடிச்சு நுனிகள். பெயரைச் சொல்வது சுற்றியுள்ள எழுத்து. அது தேய்ந்திருந்தால் காசைத் திருப்புங்கள்.

அறையை இருட்டாக்கி, டார்ச்சை மேசையோடு தாழ்த்திப் பக்கவாட்டில் பிடித்து, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். இரண்டு படைவீரர்கள், நடுவில் இரண்டு கொடிக்கம்பங்கள் என்றால் கி.பி. 330-ஐ ஒட்டிய, அரசர் கான்ஸ்டன்டைன் காலம். ஒரே கம்பம் என்றால் சுமார் 335-க்குப் பிறகு. காசின் எடையைக் குறைத்தபோது கம்பத்தையும் குறைத்தார்கள். குதிரையோடு சரியும் பகைவனை ஒரு வீரன் ஈட்டியால் குத்துகிறானா? அது 348-க்குப் பிறகு. பெரும்பாலும் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ். சிறகு முளைத்த வெற்றித்தேவதை கைதியை இழுத்துப் போனால் 388-க்குப் பிந்தையது: தியோடோசியஸ், ஆர்க்காடியஸ், ஹொனோரியஸ். அடிக்கோட்டுக்குக் கீழே இருப்பது அக்கசாலையின், அதாவது காசு அடித்த இடத்தின் குறி.

மண் ஒட்டியிருந்தால் பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து, தினமும் நீரை மாற்றுங்கள். ஒரு வாரம் கழித்து மூங்கில் குச்சியால் மெல்ல நெம்பலாம். ஊசி, கம்பித்தூரிகை கூடவே கூடாது. வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் அது களிம்பு இல்லை, நோய். உள்ளே தங்கிய குளோரைடு உப்பு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிச் செம்பைத் தின்கிறது. தண்ணீரில் ஊறவைத்தால் மட்டும் நிற்காது. ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் இறுக மூடி, அருங்காட்சியக வேதியியல் கூடத்தில் காட்டுங்கள்.

இன்னொன்று. மண்ணில் கிடைத்த புதையலின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே, எடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். ஆற்றில் எந்த இடத்தில் எடுத்தார், யாரிடம் தெரிவித்தார் என்று விற்றவரைக் கேட்டீர்களா?