சர்வீஸுக்கு வந்த போனில் குழந்தை வீடியோ: அழிப்பதா, சொல்வதா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் நான்கு வருடமாக வேலை செய்கிறேன். மழைத் தண்ணீர் புகுந்த போனைக் கொண்டுவந்த ஒரு கஸ்டமர், அதில் இருப்பதையெல்லாம் புதுப் போனுக்கு மாற்றித் தரச் சொன்னார். கடைக் கம்ப்யூட்டரில் காப்பி ஓடும்போது, ஒரு குழந்தையை வைத்து எடுத்த ஆபாச வீடியோக்கள் அதில் இருப்பது தெரிந்தது. காப்பியை நிறுத்திவிட்டேன். ஓனர் அண்ணன், "அழிச்சிட்டு போனைக் குடுத்து அனுப்பு, ஸ்டேஷன் கோர்ட்டுன்னு யார் அலையறது" என்கிறார். கஸ்டமர் எங்கள் ஏரியாக்காரர்தான், சாயங்காலம் வருவார். நான் போலீசில் சொல்லியே ஆக வேண்டுமா? சொன்னால் என் மேலேயே கேஸ் திரும்புமா?

பதில்: இந்தத் தம்பியிடம் அன்றைக்கே போனில் பேசிவிட்டேன். ரிப்பேர் கடை, ஜெராக்ஸ் கடை, ஸ்டூடியோ, கம்ப்யூட்டர் சர்வீஸ் என்று அடுத்தவர் கருவியைக் கையில் வாங்கும் எவருக்கும் இந்த நிலைமை வரலாம். அதனால் விரிவாக எழுதுகிறேன்.

சொல்லியே ஆக வேண்டும். பாலியல் குற்றங்களில் இருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் வருடத்துப் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, இந்தச் சட்டத்தின் கீழ் வரும் குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, "எந்த நபரும்" காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும் என்கிறது. அடுத்த பிரிவான 20, ஊடகம், ஹோட்டல், லாட்ஜ், மருத்துவமனை, கிளப், ஸ்டூடியோ, புகைப்பட வசதி உள்ள இடம் ஆகியவற்றின் பணியாளர்களைத் தனியாகக் குறிப்பிடுகிறது. எத்தனை பேர் வேலை செய்யும் இடம் என்பது கணக்கில்லை. செல்போன் கடை அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லையே என்று சிலர் கேட்பார்கள். 19இல் இருக்கும் "எந்த நபரும்" என்ற சொல்லுக்குள் நீங்களும் வந்துவிடுகிறீர்கள், உங்கள் ஓனரும் வந்துவிடுகிறார். தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஓனரிடம் சொல்லியாகிவிட்டது என்பதால் உங்கள் கடமை தீர்ந்துவிடாது. அவர் வேண்டாம் என்று தடுத்தாலும் அப்படித்தான்.

கேஸ் திரும்புமா என்ற பயத்துக்கும் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர் மீது சிவில் பொறுப்போ கிரிமினல் பொறுப்போ வராது என்று 19ஆம் பிரிவின் ஏழாவது உட்பிரிவு சொல்கிறது. அந்தக் குழந்தைக்குப் பதினெட்டு ஆகவில்லை என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. பார்வைக்குக் குழந்தையாகத் தெரிந்தாலே போதும். நிஜக் குழந்தை என்றே நம்பும்படி கம்ப்யூட்டரில் உருவாக்கிய படமும், மாற்றி ஒட்டிய படமும்கூட 2019 திருத்தத்துக்குப் பிறகு இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. அதற்காக, தாத்தா பாட்டிக்கு அனுப்ப அம்மா எடுத்த, குழந்தையைக் குளிப்பாட்டும் படத்தைப் பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடாதீர்கள். பாலியல் நோக்கில் குழந்தையைக் காட்டுகிறதா என்பதுதான் கேள்வி. கஸ்டமரின் கேலரியைத் துழாவிப் பார்க்கும் கடமையை எந்தச் சட்டமும் உங்களுக்குத் தரவில்லை. வேலைக்கு நடுவே கண்ணில் பட்டதற்கு மட்டுமே பொறுப்பு.

இனி கையில் இருக்கும் போனை என்ன செய்வது? பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

முதலில், அழிக்காதீர்கள். அழித்தால் நடந்த குற்றத்தின் தடயம் போய்விடும். அந்த வீடியோவில் இருக்கும் பிள்ளை யார், இப்போது எந்த வீட்டில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க இருந்த வழியும் அதோடு போகும். ஆதாரமாக இருக்கட்டும் என்று பென் டிரைவில் எடுத்து வைப்பது அதைவிட ஆபத்து. அப்படிப்பட்டதைச் சேகரிப்பதும், டவுன்லோடு செய்வதும், அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம். முதல் முறைக்கே ஐந்து வருடம் வரை சிறை, பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். ஓனருக்குக் காட்டவோ, "இந்தக் குழந்தையை யாருக்காவது தெரியுமா" என்று கேட்கவோ வாட்ஸ்அப்பில் அனுப்பவே கூடாது. போலீஸ்காரரின் சொந்த நம்பருக்கும் வேண்டாம். நல்ல மனதோடு அனுப்பினாலும், அந்தக் குழந்தையின் மானம் இன்னொரு போனுக்குப் போகிறது.

நெட்டைத் துண்டியுங்கள். போனை ஏர்பிளேன் மோடில் போடுங்கள். தூரத்தில் இருந்தபடியே அதை அழிக்க உரிமையாளருக்கு வழி இருக்கக் கூடாது. கடைக் கம்ப்யூட்டரில் கூகுள் டிரைவ் போன்ற தானியங்கி பேக்கப் ஓடினால் அதையும் நிறுத்துங்கள். ஏற்கெனவே அடையாளம் காணப்பட்ட இப்படிப்பட்ட படங்களின் டிஜிட்டல் ரேகையை வைத்துப் பெரிய நிறுவனங்கள் தங்கள் சர்வர்களைச் சோதிக்கின்றன. அதற்கான போட்டோடிஎன்ஏ என்ற தொழில்நுட்பம் 2009இலேயே வந்துவிட்டது. கடைக் கணக்கில் ஏறினால் முதலில் மாட்டுவது கடைக்காரர்தான். பாதி காப்பியான ஃபைலை மறைக்காமல், அதுவும் இருக்கிறது என்று போலீசிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் ஒரு தாளில் எழுதுங்கள்: போனின் மாடல், ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்), ரசீது எண், யார் எப்போது கொடுத்தார், என்ன வேலைக்குக் கொடுத்தார், எந்த நேரத்தில் எந்த ஃபோல்டரில் பார்த்தீர்கள். பார்த்தது எந்தக் கருவியில், எந்தத் தளம் வழியாக, எங்கிருந்து வந்ததாகத் தெரிகிறது என்ற விவரங்களைப் புகாரில் சொல்ல வேண்டும் என்று 2020ஆம் வருடத்துப் போக்சோ விதிகளில் 11ஆவது விதி கேட்கிறது. தெரிந்ததை மட்டும் எழுதுங்கள், ஊகம் வேண்டாம்.

எங்கே சொல்வது? கடை இருக்கும் பகுதிக் காவல் நிலையத்தில் சொல்லலாம், அனைத்து மகளிர் காவல் நிலையத்திலும் சொல்லலாம். தகவலுக்கு ஒரு பதிவு எண் கொடுத்து, எழுதி, உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். பெயர் சொல்லாமல் பதிகிற வசதியும் அங்கே உண்டு. ஆனால் போன் கையில் இருக்கும்போது நேரில் போவதே நல்லது என்பது என் கருத்து. பெயரில்லாத புகாரை நீங்கள்தான் கொடுத்தீர்கள் என்று பின்னால் காட்டுவது கஷ்டம். அதற்குள் போனும் கை மாறிவிடும். ஒரு குழந்தை இந்த நிமிடம் ஆபத்தில் இருப்பதாகத் தோன்றினால் அவசர உதவி எண் 112, அல்லது குழந்தைகள் உதவி எண் 1098.

"நம்ம ஏரியாவில் இதெல்லாம் யார் கண்டுபிடிக்கப் போறாங்க" என்று உங்கள் ஓனர் நினைக்கலாம். 2020 ஜனவரியில் அம்பத்தூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் பதிவான ஒரு வழக்கு, அமெரிக்காவில் காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையத்தில் இருந்து வந்த தகவலில்தான் தொடங்கியது. போனில் இரண்டு வீடியோக்கள் இருந்தன. யாருக்கும் அனுப்பவில்லை, பார்த்தது மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் வழக்கை ரத்து செய்தது. அதே வருடம் செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, வழக்கை மீண்டும் உயிர்ப்பித்தது. அப்படிப்பட்டதை அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதையே எந்த நோக்கத்தோடு என்று பார்க்க வேண்டும் என்றது. "குழந்தை ஆபாசப் படம்" என்ற சொல்லையே நீதிமன்றங்கள் விட்டுவிட வேண்டும், அது குழந்தையைச் சுரண்டியதன் பதிவு என்றது. நானும் தலைப்பில் அந்தச் சொல்லைத் தவிர்த்திருக்கிறேன்.

ஐடி கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும் அந்தத் தீர்ப்பில் ஒரு செய்தி உண்டு. அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டம் இதைப் புகார் செய்யும் பொறுப்பை நிறுவனத்தின் மேல் வைக்கிறது. தென் கரோலைனா, இல்லினாய் போன்ற மாகாணங்கள் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவரையே சொல்லச் சொல்கின்றன. இங்கே, அமெரிக்க மையத்துக்குத் தகவல் அனுப்பியாகிவிட்டது என்று சமூக ஊடக நிறுவனங்கள் ஒதுங்க முடியாது, நம் காவல்துறைக்கும் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது.

வீடியோவில் இருப்பது தெரிந்த வீட்டுக் குழந்தை போல இருந்தாலும் தெருவில் வாயைத் திறக்காதீர்கள். கொருக்குப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஒரு பிளாக்கில் சொன்னால் ராத்திரிக்குள் எல்லா பிளாக்குக்கும் போய்விடும், அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போக முடியாது. பெயரைப் போலீசிடம் மட்டும் சொல்லுங்கள்.

சாயங்காலம் வரும் கஸ்டமரிடம் விசாரிக்கவோ சண்டை போடவோ வேண்டாம். வேலை இன்னும் முடியவில்லை என்று சொன்னால் போதும், அது உண்மையும்கூட. அதற்கு முன்பே ஸ்டேஷனுக்குப் போய்விடுங்கள். போனை அவர்கள் கைப்பற்றும்போது எழுதும் மகஜரில் ஐஎம்இஐ எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். ஓனரையும் கூட அழைத்துப் போக முடிந்தால் நல்லது; வரவில்லை என்றால் தனியாகப் போங்கள்.